ஸ்மூத்தி பவுல்: எதற்குச் செலவு செய்யலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: பிள்ளைகள் காலை உணவுக்கு ஸ்மூத்தி பவுல் கேட்கிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு பிளெண்டர் வாங்க வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்; அதன் விலையோ எங்கள் மிக்ஸியின் விலையைப்போல் இரண்டு மடங்கு. வீட்டில் உள்ள 750 வாட் மிக்ஸி போதாதா? சர்க்கரை நோய் உள்ள அப்பாருவுக்கும் (தாத்தாவுக்கும்) இதைக் கொடுக்கலாமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு உங்கள் மிக்ஸியே போதும். அந்தப் பணத்தைப் பழத்துக்குச் செலவிடுங்கள். உறைய வைத்த பழத்தை மிகக் குறைந்த தயிரோ பாலோ சேர்த்து, கரண்டியால் எடுத்து உண்ணும் அளவுக்குக் கெட்டியாக அரைப்பதுதான் ஸ்மூத்தி பவுல். கல்லைப் போல் இறுகிய துண்டுகளை ஜாரில் நிரப்பி ஓட்டினால், அடியில் பிளேடு வெற்றிடத்தில் சுழல, மேலே உள்ள பழம் அசையாமல் நிற்கும். மோட்டார் சூடேறி ஓவர்லோடு சுவிட்ச் விழுந்துவிடும். ஆகவே பழத்தை மெல்லிய வில்லைகளாக நறுக்கியே உறைய வையுங்கள். அரைப்பதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்து வைத்து, ஜாரில் முதலில் தயிரையும் அதன்மேல் பழத்தையும் பாதி அளவுக்கு மட்டும் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். இடையில் மிக்ஸியை நிறுத்திக் கிளறிக் கொடுங்கள். மிக்ஸி தானாக நின்றுவிட்டால், ஆறிய பிறகு அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். பெரும்பாலும் பழுது எதுவும் இராது.

பழத்தைப் பொறுத்தவரை, வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த கோபி, சத்தியமங்கலம் பக்கத்தில் இருந்துகொண்டு உறைந்த வெளிநாட்டுப் பெர்ரிப் பழங்களைப் பாக்கெட்டில் வாங்குவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. தோலில் கரும்புள்ளி விழுந்து, கடைக்காரரே விலையைக் குறைத்துக் கொடுக்கும் நிலையில் உள்ள வாழைப்பழம்தான் இதற்கு மிகப் பொருத்தமானது. ரஸ்தாளி இனிப்பையும் வழவழப்பையும் தரும். பூவனில் லேசான புளிப்பு இருக்கும். நேந்திரனைத் தோல் கறுக்கும் வரை கனியவிட்டுப் பயன்படுத்தினால்தான் மாவுத்தன்மை நீங்கும். தோலுரித்து நறுக்கிய வில்லைகளைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, பின்பு டப்பாவுக்கு மாற்றுங்கள். நான்கு பேருக்கு நடுத்தர அளவில் ஐந்து வாழைப்பழம், இரண்டு கப் மாம்பழம் அல்லது சப்போட்டா, ஒரு கப் கெட்டித் தயிர் சரியாக இருக்கும். கிரீக் யோகர்ட் என்று விலை கூட்டி விற்பதை வாங்குவதற்குப் பதிலாக, வீட்டுத் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தண்ணீர் வடியவிட்டால் அதே கெட்டித்தன்மை கிடைக்கும். பப்பாளியையோ அன்னாசியையோ தயிர், பாலுடன் அரைத்தால் உடனே உண்டுவிடுங்கள்; அவற்றில் உள்ள நொதிகள் பால் புரதத்தைச் சிதைப்பதால், வைத்திருந்தால் கசந்துவிடும். உறைய வைப்பதால் அந்த நொதிகள் அழிவதில்லை. அப்பழங்களுக்குத் தேங்காய்ப்பால் நல்ல துணை.

அப்பாருவுக்கு ஒரு பவுல் நிறையக் கொடுக்க வேண்டாம். வாழையும் மாம்பழமும் சேர்ந்த பழ அளவு அவருக்கு அதிகம். தேன், நாட்டுச்சர்க்கரை சேர்த்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். அவர் எவ்வளவு பழம் உண்ணலாம் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: ஸ்மூத்தி பவுலின் மேலே தூவுவதற்கு கிரனோலா (ஓட்ஸை இனிப்புச் சேர்த்து வறுத்த கலவை), சியா விதை, அசாய் பொடி என்று விற்கிறார்கள். இவை அவசியமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: அவசியமில்லை. வாங்கத்தான் வேண்டுமென்றால், பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. சர்க்கரையோ தேனோ குளுக்கோஸ் பாகோ முதல் மூன்று இடங்களில் இருந்தால், அது பெயரளவில்தான் தானிய உணவு. ஊட்டச்சத்து அட்டவணையில், சேர்க்கப்பட்ட சர்க்கரை எத்தனை கிராம் என்பது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். பழச்சாறு ஊற்றி அரைப்பவர்களுக்கு ஒரு செய்தி: '100 சதவீதம் பழச்சாறு' என்ற வாசகத்தை லேபிள்களிலிருந்து நீக்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

வறுத்த வேர்க்கடலை, எள், தேங்காய்த் துருவல், வறுத்த அவல் ஆகியவை கிரனோலாவின் வேலையைச் செய்யும். ஊற வைத்த சப்ஜா விதை சியாவின் இடத்தை நிரப்பும். அசாய் என்பது அமேசான் காட்டுப் பனை வகையின் பழம். இங்கே பொடியாகவோ உறைந்தோதான் வருகிறது. ஊதா நிறத்துக்காக அதை வாங்குவதைவிட, நாவல் பருவத்தில் நாவற்பழத்தின் சதையை உறைய வைத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கடலையை முழுதாகக் கொடுக்காமல் பொடித்தே கொடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

கேள்வி: கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: கண்ணால் பார்த்து உறுதி செய்ய இயலாது. தோல் முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்தும் மணமில்லாமல், உள்ளே காயாக இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவே. கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி தடை செய்யப்பட்டுள்ளது. எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதிக்கப்பட்டுள்ளது. முற்றிய காயை வாங்கி வைக்கோலில் பழுக்க வைப்பதே பாதுகாப்பு. சந்தேகமிருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: புதிய மிக்ஸியின் ஜார் பத்தே நாளில் கசிகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதாகக் கூறிக் கடைக்காரர் மறுக்கிறார்.
- வாசகர், கோவை

பதில்: அந்த வாசகத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள். குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்குங்கள். வாரண்டி அட்டையையும் படியுங்கள். பல நிறுவனங்கள் மோட்டாருக்குத் தரும் காலத்தை ஜார், கப்ளர் (ஜாரை மோட்டாருடன் இணைக்கும் பாகம்) போன்றவற்றுக்குத் தருவதில்லை. தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன்பின் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.