குடியேறிய வீட்டின் வரவு செலவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புது நாட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. எதை எடுத்தாலும் ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்த்து, வேண்டாம் என்று வைத்துவிடுகிறோம். இவ்வளவு சிக்கனமாக இருந்தும் மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஓட்டை எங்கே?

பதில்: சம்பளம் எந்தக் காசில் வருகிறதோ அந்தக் காசிலேயே செலவையும் எண்ணுங்கள். ஊர்க் காசுக்கு மாற்றினால் முடிவெட்டுவது, பேருந்துக் கட்டணம் என மனித உழைப்பு சேர்ந்ததெல்லாம் கொள்ளை விலையாகத் தெரியும். தவணையில் கிடைக்கும் டிவியும் போனும் மலிவாகத் தெரியும். இரண்டுமே தப்புக்கணக்கு. அதற்குப் பதில் மணிக்கணக்கில் பாருங்கள். வரியும் பிடித்தங்களும் போகக் கைக்கு வரும் மாதச் சம்பளத்திலிருந்து, வேலைக்குப் போய்வரும் செலவைக் கழியுங்கள். மீதியை, வேலை நேரமும் பயண நேரமும் சேர்ந்த மொத்த மணிகளால் வகுங்கள். உங்கள் ஒரு மணி நேரத்தின் உண்மையான விலை அதுதான். ஒரு பொருளுக்காக எத்தனை மணி உழைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், வாங்குவதா வேண்டாமா என்பதில் குழப்பமே வராது.

ஓட்டை பெரும்பாலும் கடைவீதியில் இருப்பதில்லை, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்களில் இருக்கிறது. வாடகை, கார்த் தவணை, காப்பீடு, போன், இணையம், மாதச் சந்தாக்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதத் தொகை, ஒப்பந்தம் முடியும் நாள், எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், நடுவில் விலகினால் என்ன அபராதம் என்ற நான்கையும் குறியுங்கள். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முன்னறிவிப்பு நாளைத் தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம் கட்ட வேண்டியிருக்கும். அந்த நாளுக்கு இரண்டு மாதம் முன்பே நினைவூட்டும்படி கைப்பேசியில் குறித்து வையுங்கள். முதல் வருடத்தில் வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி எது வேண்டுமானாலும் மாறலாம். அதனால் வீட்டு ஒப்பந்தம் உட்பட, 12 மாதத்தைத் தாண்டும் எதிலும் அந்த வருடம் கையெழுத்திட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

வாடகையை மட்டும் தனியாக ஒப்பிடாதீர்கள். வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்த தொகையை ஒப்பிடுங்கள். நகரத்துக்கு வெளியே வாடகை குறைவு என்று போய், அதற்காக இரண்டாவது கார் வாங்க நேர்ந்தால் அதன் தவணை, காப்பீடு, எரிபொருள், பழுது எல்லாம் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும்.

கேள்வி: ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். ‘கட்டணமே இல்லை’ என்று சொல்லும் நிறுவனம் நல்லதா, கட்டணம் வாங்கும் நிறுவனம் நல்லதா?

பதில்: கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த நிறுவனங்களின் வருமானம் பெரும்பாலும் மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. சந்தை விகிதத்தில் புது நாட்டுக் காசு 1-க்கு ஊர்க் காசு 50 கிடைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம் கட்டணம் வாங்காமல் 48.75 தருகிறது. நீங்கள் 1,000 கொடுத்தால் ஊரில் 48,750 கிடைக்கும். இரண்டாவது நிறுவனம் 6 கட்டணம் பிடித்துக்கொண்டு 49.80 தருகிறது. மீதி 994-க்கு ஊரில் 49,501 கிடைக்கும். ‘இலவசம்’ என்றவரிடம் 751 குறைகிறது. ஆகவே ஒரே நேரத்தில், ஒரே தொகையை இரண்டு மூன்று செயலிகளில் போட்டு, ஊரில் கைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்ற ஓர் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் முறை அனுப்புவோருக்கு மட்டும் காட்டும் சலுகை விகிதத்தை நம்பி, மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி நிலையான உத்தரவு கொடுத்துவிடக் கூடாது. இரண்டாம் மாதம் மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணத்தை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். கிரெடிட் கார்டில் கட்டினால் பல வங்கிகள் அதை ரொக்கம் எடுத்ததாகவே கணக்கிட்டு, தனிக் கட்டணமும் அன்றைக்கே தொடங்கும் வட்டியும் போடும். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கொடுப்பதே மலிவு, ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. வங்கிக்கு வங்கி ஸ்விஃப்ட் (நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் செய்தி பரிமாறும் வலையமைப்பு) வழியாகப் போனால், நடுவில் இருக்கும் வங்கியும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளலாம். சிறு தொகைக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. இப்படி நிலையான கட்டணம் உள்ள வழியில் மாதம் மூன்று தடவை அனுப்புவதை ஒரே தடவையாகச் சேர்த்தால், இரண்டு கட்டணம் மிச்சம்.

200 டாலர் அனுப்ப ஆகும் உலகச் சராசரிச் செலவு, உலக வங்கியின் கணக்கில் பல ஆண்டுகளாக 6 விழுக்காட்டுக்கு மேல் இருந்துவந்தது. அதை 2030-க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. நீங்கள் அனுப்பும் வழியில் கட்டணமும் விகித இழப்பும் சேர்ந்து 3 விழுக்காட்டைத் தாண்டினால், வேறு வழி தேடுங்கள்.

புதிய கணக்குக்கு முதலில் சிறு தொகை அனுப்பி, சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுப் பெரிய தொகை அனுப்புங்கள். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. வங்கி வழியில்லாமல் கைமாற்றாகப் பணம் சேர்க்கும் உண்டியல்காரரிடம் கொடுப்பது வேண்டவே வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, பணம் போன வழிக்குச் சீட்டு இருக்காது. நாளைக்கு வீடு வாங்கும்போதோ வரி அலுவலகம் கேட்கும்போதோ காட்ட எதுவும் இருக்காது.

கேள்வி: ஊரில் வாங்கிய மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் எடுத்து வரலாமா? பிளக் அடாப்டர் போட்டால் போதும் என்கிறார்களே?

பதில்: அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. பொருளின் அடியில் அல்லது சார்ஜரின் முதுகில் இருக்கும் சிறு எழுத்தைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அடாப்டரே போதும். போன், மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 220 அல்லது 230 வோல்ட் என்று மட்டும் இருந்தால் வட அமெரிக்கா போன்ற 120 வோல்ட் இடங்களில் அது உதவாது. சூடாக்கும் கருவியில் வோல்டேஜ் பாதியானால் சூடு கால்பங்காகும். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி அங்கே 270 வாட் அளவுக்குத்தான் சுடும். மிக்ஸியின் மோட்டார் முனகும், சுமை ஏறினால் நின்று, சூடாகிக் கெட்டுப்போகலாம். எதிர்த் திசை இன்னும் ஆபத்து. 120 வோல்ட் இஸ்திரிப்பெட்டியை 230 வோல்ட்டில் சொருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் மின்திறன் இழுத்து அப்போதே எரிந்துபோகும்.

டிரான்ஸ்பார்மர் வாங்கலாம்தான். ஆனால் மோட்டார் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும் என்பதால், 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் டிரான்ஸ்பார்மராவது வேண்டும். அதன் எடைக்கும் விலைக்கும் அங்கேயே ஒரு புது மிக்ஸி வாங்கிவிடலாம். மின்சாரத்தின் அதிர்வெண்ணில் உள்ள 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தையும் டிரான்ஸ்பார்மர் சரி செய்யாது. மிக்ஸிக்கு அதனால் பாதகமில்லை. குளிர்சாதனப் பெட்டி, பழைய வகைத் துவைக்கும் இயந்திரம் போன்றவற்றின் மோட்டார் வேகம் மாறிவிடும். இன்னொன்று, எர்த் முள் உள்ள மூன்று முள் கருவியை இரண்டு முள் அடாப்டரில் போடாதீர்கள். கசிவு வந்தால் அது உங்கள் உடல் வழியாகத்தான் போகும்.

கேள்வி: குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்காமலே இருந்தோம். ஹீட்டர் கட்டணமும் எகிறியது, படுக்கையறை மூலையில் கறுப்புப் பூஞ்சணமும் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் எங்களைக் குறை சொல்கிறார்.

பதில்: மூடிய வீட்டில் சமையல், குளியல், மூச்சு, உள்ளே காயப்போடும் துணி எல்லாம் காற்றில் நீரைச் சேர்க்கின்றன. ஒரு தடவை துவைத்த துணியிலிருந்தே 2 லிட்டர் வரை வெளியேறும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரைத் தொட்டால் அங்கே நீராகப் படியும். வெளிச்சுவரின் மூலையும் அலமாரிக்குப் பின்பக்கமும்தான் அப்படிக் குளிரும் இடங்கள். கண்ணுக்கு நீர் தெரியாவிட்டாலும், சுவரை ஒட்டிய காற்று நீண்ட நேரம் 80 விழுக்காடு ஈரமாக இருந்தாலே பூஞ்சணத்துக்குப் போதும்.

விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்று வாங்கி, 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். கடுங்குளிரில் அதைவிடக் குறைந்தாலும் நல்லதே. நாளுக்கு இரண்டு மூன்று முறை, எதிரெதிர் ஜன்னல்களை முழுவதும் திறந்து 5 முதல் 10 நிமிடத்தில் மூடிவிடுங்கள். ஈரக் காற்று வெளியேறிவிடும், சுவரில் உள்ள சூடு அப்படியே இருக்கும். ஜன்னலை நாள் முழுக்க விரல் அளவு திறந்து வைத்தால் சுவர் குளிர்ந்து, காசும் போய், பூஞ்சணமும் வரும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். துணியை ஓர் அறையில் போட்டு, கதவை மூடி, அந்த ஜன்னலை மட்டும் அவ்வப்போது திறந்து மூடுங்கள்.

வீட்டுக்காரர் சொல்வது எப்போதும் சரியல்ல. கறை குழாய்த் தடத்தை ஒட்டிப் பரவினால், மழைக்குப் பின் பெரிதானால், வெயில் காலத்திலும் ஈரமாகவே இருந்தால், அது கசிவு. தேதியுடன் படமெடுத்து எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

கட்டணத்துக்கு வருவோம். ‘மின்சாரம் மிச்சப்படுத்தும் ஹீட்டர்’ என்று விற்கப்படும் கம்பிச்சுருள், எண்ணெய், செராமிக் ஹீட்டர்கள் எல்லாம் ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தரும். 2,000 வாட் ஹீட்டர் 5 மணி நேரம் முழுதாக ஓடினால் 10 யூனிட். சூடாக்கும் வசதியுள்ள ஏசி வீட்டில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தருவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். அடுத்த பெரிய செலவு வெந்நீர். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் 10 நிமிடம் குளித்து, நீரை 30 டிகிரி சூடேற்றினால் 2.8 யூனிட் ஆகும். 6 லிட்டர் ஷவர் தலையை மாட்டினால் 2.1. நான்கு பேர் குளிக்கும் வீட்டில் மாதத்துக்கு 80 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் சிக்கனம் என்று வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள், லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அடுப்பையோ கரியையோ மூட்டி அறையைச் சூடாக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணம் இல்லாதது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

கேள்வி: பழைய பொருள் வாங்குவதில் எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: மேசை, நாற்காலி, சைக்கிள், பிள்ளைகளின் துணி தாராளமாக வாங்குங்கள். குழந்தையின் கார் இருக்கையையும் ஹெல்மெட்டையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒரு விபத்தில் அடிபட்டவை வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பலம் இழந்திருக்கும். மெத்தையும் வேண்டாம், மூட்டைப்பூச்சி வந்தால் ஒழிக்கும் செலவு புது மெத்தையை மிஞ்சும்.

கேள்வி: பத்து வருடம் ஒழுங்காகக் கடன் கட்டிய எங்களுக்கு இங்கே கார்டு கூடத் தர மறுக்கிறார்கள். ஏன்?

பதில்: ஊரில் உள்ள கடன் வரலாறு பொதுவாக எல்லை தாண்டி வருவதில்லை. வங்கியின் கண்ணுக்கு நீங்கள் கெட்டவர் அல்ல, தெரியாதவர். ஈட்டுத்தொகை வைத்து வாங்கும் கார்டு இருந்தால் அதில் தொடங்குங்கள். வரம்பு 1,000 என்றால் 300-க்குள் செலவழித்து, தவணை நாளுக்கு முன் முழுத் தொகையையும் கட்டுங்கள். ஒரே நேரத்தில் நாலைந்து இடங்களில் விண்ணப்பிக்காதீர்கள், வங்கிகள் செய்யும் ஒவ்வொரு விசாரணையும் உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகும். ‘குறைந்தபட்சத் தொகை’ ஒரு பொறி. ஆண்டு வட்டி 24 விழுக்காடு என்றால் 1,000 பாக்கிக்கு மாதம் 20 வட்டி. நீங்கள் 25 கட்டினால் கடன் குறைவது 5 மட்டும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் பல கார்டுகளில் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும்.

கேள்வி: அடுத்த மாதம் கிளம்புகிறோம். செலவைக் குறைக்கும் காகிதம் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. இப்போதைய கார்க் காப்பீட்டு நிறுவனத்திடம், இத்தனை ஆண்டுகள் இழப்பீடு கோரவில்லை என்று நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதி வாங்குங்கள். எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள், ஏற்கும் இடத்தில் காப்பீட்டுத் தவணை கணிசமாகக் குறையும். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை இல்லாவிட்டால் சில ஊசிகளை மறுபடி போடச் சொல்லுவார்கள். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு, இரு நாடுகளும் 1961-இன் ஹேக் உடன்படிக்கையில் இருந்தால், சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அப்போஸ்டில் முத்திரை போதும், இல்லையென்றால் தூதரகச் சான்று தேவை. முத்திரையைச் சான்றிதழ் தந்த நாட்டில்தான் வாங்க முடியும் என்பதால் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒற்றைப் பெயரோ தலைப்பெழுத்தோ உள்ளவர்கள், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே வங்கி, வேலை, வாடகை எல்லாவற்றிலும் எழுதுங்கள். ஓரிடத்தில் தலைப்பெழுத்தை விரித்தும் ஓரிடத்தில் விரிக்காமலும் எழுதினால் இரண்டு ஆட்களாகப் பதிவாகி, சம்பளம் வந்து சேர்வதே தடைப்படலாம்.