நாவலைப் படமாக எடுக்கும்போது எதை விட்டுவிட்டால் நாவலே காணாமல் போகும்?

பழைய நாவல்களையும் அவற்றிலிருந்து வந்த படங்களையும் தொடர்களையும் ஒப்பிட்டால் எது தேறும் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து நாவல்களைத் தொட்டுவிட்டுப் போவதைவிட, எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்: ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. 1811இல் வெளியானது. 1995இல் எம்மா தாம்சன் திரைக்கதையில் ஆங் லீ படமாக எடுத்தார். 2000இல் ராஜீவ் மேனன் இதையே தழுவி ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ எடுத்தார். 2008இல் பிபிசியில் மூன்று பகுதித் தொடராக வந்தது.

கதை இதுதான். அப்பா இறந்ததும் சொத்து மூத்த தாரத்து மகன் ஜானுக்குப் போகிறது. இரண்டாவது மனைவியும் மூன்று பெண்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூத்தவள் எலினார் எதையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்பவள். அடுத்தவள் மரியான் எதையும் மறைக்கத் தெரியாதவள்.

நாவலின் இரண்டாம் அத்தியாயம் ஒன்றே போதும், ஆஸ்டின் யார் என்று தெரிந்துகொள்ள. தங்கைகளைக் கவனித்துக்கொள்கிறேன் என்று சாகும் அப்பாவிடம் வாக்குக் கொடுத்த ஜான், ஆளுக்கு ஆயிரம் பவுண்டு தரலாம் என்று நினைக்கிறான். மனைவி ஃபேனி பேசப் பேச அது ஐந்நூறாகிறது. அப்புறம் சித்திக்கு வருஷம் நூறு, அப்புறம் எப்போதாவது ஐம்பது. கடைசியில் வீடு மாறும்போது கொஞ்சம் ஒத்தாசை, சீசனில் மீனும் வேட்டைக்கறியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது. ஒருவர்கூடக் குரலை உயர்த்துவதில்லை. அப்படியே படமாக்கினால் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியாகத்தான் நிற்கும். 1995 படத்தில் இந்தப் பேச்சைத் துண்டு துண்டாக்கிப் பயணத்தில் வைத்தார்கள். வண்டி அந்த வீட்டை நெருங்க நெருங்கத் தொகை இறங்குகிறது. நாவலில் இல்லாத ஏற்பாடுதான், ஆனால் ஆஸ்டின் சொன்னது சிந்தாமல் வந்து சேர்கிறது.

என் கட்சி இதுதான்: காட்சியை மாற்றலாம், ஊரை மாற்றலாம், காலத்தைக்கூட மாற்றலாம். எலினார் ஏன் வாய் திறக்கவில்லை என்ற காரணத்தை மட்டும் கைவிடக் கூடாது.

நாவலில் அந்தக் காரணம் மிகக் கொடுமையானது. எலினார் விரும்பும் எட்வர்டு, ஏற்கெனவே லூசி ஸ்டீல் என்ற பெண்ணுக்கு, கட்டிக்கொள்கிறேன் என்று ரகசியமாக வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்த ரகசியத்தை லூசியே எலினாரிடம் வந்து சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறாள். நான்கு மாதம் எலினார் அதைச் சுமக்கிறாள். அதே வீட்டில் மரியான், காதலன் விலபி ஏமாற்றிவிட்டான் என்று ஊரறிய அழுகிறாள், உனக்கென்ன தெரியும் என்று அக்காவையே குத்துகிறாள். விஷயம் வெளியே வந்த பிறகு, 37ஆம் அத்தியாயத்தில், எலினார் முதல்முறையாக மனம் திறந்து பேசும் இடம் இருக்கிறதே, அதற்காகவே இந்த நாவலை மறுபடி மறுபடி படிக்கலாம்.

1995 படம் இதைக் காப்பாற்றியது. கடைசியில், லூசியைக் கட்டிக்கொண்டுவிட்டான் என்று நினைத்த எட்வர்டுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்று தெரியவரும்போது, நாவலின் எலினார் கிட்டத்தட்ட ஓடியே போய், கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுகிறாள். படத்தில் எலினாராக நடித்த எம்மா தாம்சன் அவன் முன்னாலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி, அடக்க முடியாமல் விம்முகிறார். நாவலின் வரிக்கு நேர் எதிரான காட்சி. ஆனாலும் அதுவே சரி என்பேன். படம் முழுக்க அவள் அடக்கியதைப் பார்த்தவர்களுக்கு அது உடைவதையும் பார்க்கக் கிடைக்க வேண்டும்.

இன்னொன்றிலும் படம் நாவலைவிட மேல். நாவலில் எட்வர்டு கூச்ச சுபாவி, பேச்சு வராது. எலினார் அவனிடம் என்ன கண்டாள் என்று படிப்பவர்களுக்கே சந்தேகம் வரும். கடைசித் தங்கை மார்கரெட்டோ பெயருக்குத்தான் இருக்கிறாள். எம்மா தாம்சன் இரண்டு குறையையும் ஒன்றாகத் தீர்த்தார். மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் மார்கரெட்டை எட்வர்டு நைல் நதி பற்றித் தப்பும் தவறுமாகப் பேசி வெளியே வரவைக்கிறான், அவளோடு வாள் சண்டை பழகுகிறான். அவன் நல்லவன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ராஜீவ் மேனன் படத்துக்கு வருவோம். இங்கே லூசி இல்லை, ரகசியமும் இல்லை. அது எனக்குப் பெரிய இழப்புதான். ஆனால் எலினாரின் இடத்தில் வரும் தபுவின் சௌம்யா மௌனமாக இருக்க வேறு காரணம் வைத்தார்கள்: நிச்சயித்த மாப்பிள்ளை அமெரிக்காவில் தற்கொலை செய்துகொண்டதால் அவள் ராசியில்லாதவள். நம் ஊரில் ஒரு பெண் வாயை மூடிக்கொள்ள அந்த ஒரு பெயர் போதுமே. சொத்து மாமாவுக்குப் போய்ச் சென்னைக்கு வந்த பிறகு சௌம்யா வேலைக்குப் போகிறாள், மரியானின் இடத்தில் வரும் தங்கை மீனாட்சி பின்னணி பாடுகிறாள். எலினாருக்கு இந்த வாய்ப்பே கிடையாது. காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. சௌம்யாவுக்குச் சம்பளம் வந்ததுமே கதையின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. 2000த்துச் சென்னையில் அதுதான் உண்மை என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை.

மரியானை விரும்பும் கர்னல் பிராண்டன் விஷயத்தில் தமிழ்ப் படத்துக்கே என் ஓட்டு. கிழக்கிந்தியப் பகுதியில் படையில் இருந்தவர், 35 வயது, ஃபிளானல் உள்சட்டை போடுகிறவர் என்று நாவலில் மரியானே கேலி செய்கிறாள். கடைசியில் ஆஸ்டின் அவசர அவசரமாகச் சில வரிகளில் அவளை அவருக்குக் கட்டிவைக்கிறார். நாவலில் எனக்குத் திருப்தி தராத இடம் அது. தமிழில் அவர் இடத்தில் வரும் மம்மூட்டியின் பாலா, இந்திய அமைதிப் படையில் இலங்கைக்குப் போய்க் காலை இழந்தவர். மீனாட்சி அவர் பக்கம் மெல்லத் திரும்ப ஆஸ்டினைவிட அதிக நேரம் தருகிறார்கள்.

2008 தொடரைப் பற்றி ஒன்றே ஒன்று. விலபி புயல் ராத்திரியில் வந்து எலினாரிடம் தன் தவறை ஒப்புக்கொள்ளும் காட்சி அதில் இருக்கிறது, 1995 படத்தில் அது இல்லை. ஆனால் ஒரு பெண் ஏமாற்றப்படுவதைத் தொடர் முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறது. விலபி அப்படி ஒருத்தியை ஏமாற்றியவன் என்பது நாவலில் பிராண்டன் வாயால் வெகு தாமதமாக வெளிவரும் செய்தி. மரியானோடு சேர்ந்து நாமும் விலபியை நம்பியிருந்தால்தானே அந்த அடி விழும்? அதனால் நாவலை முதலில் படியுங்கள், பிறகு 1995 படம், அப்புறம் தமிழ்ப் படம். தொடரைக் கடைசியாகப் பார்க்கலாம்.