சர்ச்சு தரையில ஏன் மீனும் மாடும்?

அன்புள்ள சார்,

போன வாரம் ஜோர்டான் நாட்டு பைசாண்டிய (கிழக்கு ரோமப் பேரரசு காலத்து) சர்ச்சுகளோட தரை மொசைக், அதான் சின்னச் சின்ன கலர் கல்லு பதிச்சு செஞ்ச படமெல்லாம் போட்டிருந்தீங்க. சர்ச்சுங்கிறீங்க, ஆனா தரையில இயேசுவையும் காணோம் மாதாவையும் காணோம், மீன், மான், திராட்சைக்கொடின்னுதான் இருக்கு. கட்டினவங்களுக்கு பக்தி கம்மியா? சில உருவத்துல மூஞ்சி மட்டும் கலைஞ்சு கெடக்கே, யாரு ஒடச்சது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பக்தி கம்மியில்ல, ஜாஸ்தி. தரைன்னா மிதிபடுற எடம், புத்தகத்துல கால் பட்டாலே தொட்டு கண்ணுல ஒத்திக்கிற நமக்கு இத வெளக்கவே வேணாம். கி.பி. 427லயே கிழக்கு ரோமப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் தரையில சிலுவை போடக்கூடாது, இருந்தா எடுத்துடணும்னு சட்டம் போட்டாரு (எல்லாரும் கேட்டாங்களான்னா, இல்ல). அதனால இயேசுவும் புனிதர்களும் ஆல்டருக்குப் பின்னாடி இருக்குற அரைவட்டச் சுவருக்கு ஏறிட்டாங்க, இத்தாலியில ராவென்னா ஊர்ல சான் விட்டாலே சர்ச்சுல பாக்கலாம். தரைக்கு வந்தது இந்த பூமி, அதோட செடி கொடி ஆறு மிருகம் எல்லாம்.

ஜோர்டான்ல மாதபாங்கிற ஊரு சர்ச்சுத் தரையில 6ஆம் நூற்றாண்டுல மொசைக்ல போட்ட புனித பூமி மேப் இருக்கு, அத பெருசாக்கிப் பாருங்க. ஜோர்டான் ஆத்துல ஒரு மீனு சாக்கடல் உப்புக்கு பயந்து அப்படியே திரும்பி எதிர்நீச்சல் போடுது, கல்லுத்துண்டுல இப்படி ஒரு குசும்பு! எருசலேம் வடக்கு வாசலுக்குள்ள ஒத்தைத் தூண் ஒண்ணு நிக்கும், தூண் போயே போச்சு, ஆனா அரபியில அந்த வாசலுக்கு இன்னைக்கும் பேரு ‘பாப் அல் அமூத்’, தூண் வாசல்.

மூஞ்சி விஷயம்தான் சுவாரஸ்யம். அதே மேப்புல சாக்கடல் படகுக்காரங்கள பாருங்க, அவங்க உருவத்துல இருந்த கல்ல யாரோ புடுங்கிட்டு அதே எடத்துல கல்ல வச்சே பொறுமையா அடைச்சிருக்காங்க. வெறியில ஒடைக்கிறவன் அடைச்சுட்டா போவான்? சர்ச்சுல கும்பிட்டுட்டு இருந்தவங்களே செஞ்சதாத்தான் இருக்கணும். 8ஆம் நூற்றாண்டு, இஸ்லாமிய ஆட்சி, 721ல கலீஃபா இரண்டாம் யஸீத் உருவங்களுக்கு எதிரா போட்ட ஆணையோட இத சேத்து சொல்றவங்க உண்டு, ஆனா ஆணை மட்டுமே காரணம்னு நான் நம்பல, உருவம் வேணாங்கிற நெனப்பு அப்போ கிறிஸ்தவங்ககிட்டயும் ஓடிட்டு இருந்துச்சு.

மாதபாக்குப் பக்கத்துல மாயின்னு ஒரு ஊரு. அங்க சிங்கம் மாட்டப் போல வைக்கோல் திங்கும்ங்கிற பைபிள் ஏசாயா வசனத்த கிரேக்கத்துல எழுதி கூடவே படமும் போட்டிருந்தாங்க. பின்னாடி வந்தவங்க மாட்ட எடுத்துட்டு மரம் வச்சாங்க. எழுத்துல மாடு அப்படியே இருக்கு, படத்துல மரம் நிக்குது, சுத்தி குளம்பும் வாலும் மிச்சம்.