வால்வின் இதழும் குருதியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இதய வால்வின் இயக்கத்தைக் கணினியில் கணக்கிடுவது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் குடிநீர்க் குழாய்த் திட்டங்களில் முப்பதாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன். நாங்கள் முதலில் நீரோட்டத்தைக் கணக்கிடுவோம். பிறகு அந்த அழுத்தத்தைக் குழாயின் சுவர் தாங்குமா என்று பார்ப்போம். இதயத்துக்கும் இந்த வழி போதாதா? மேலும், செல்லின் அளவுக்குக் கீழே போனால் ‘நீரே நடுங்குகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு விளங்கவில்லை.

– ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் முறையில் பிழையில்லை. இரும்புக் குழாயின் சுவர் மிகச் சொற்பமாகவே விரிகிறது என்பதால், அந்த விரிவு நீரோட்டத்தை மாற்றிவிடுவதில்லை. ஆனால் ஓடும் நீரைச் சட்டென்று அடைக்கும்போது எழும் ‘வாட்டர் ஹாமர்’ அதிர்ச்சியில், அலையின் வேகத்தைக் கணக்கிடக் குழாயின் மீள்தன்மையையும் சேர்த்திருப்பீர்கள். அந்த இடத்தில், ஓட்டமும் சுவரும் ஒன்றையொன்று மாற்றும் இந்தச் சிக்கலின் வாசலுக்கு நீங்களே வந்துவிட்டீர்கள்.

இதய வால்வில் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருக்கிறது. பெருந்தமனி வால்வின் இதழ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. அதன் அடர்த்தி ஏறக்குறைய குருதியின் அடர்த்தியேதான். உங்கள் முறைப்படி முதலில் ஓட்டத்தைக் கணக்கிட்டு, கிடைத்த அழுத்தத்தை இதழின் மேல் ஏற்றுகிறோம் என்று கொள்ளுங்கள். இதழ் நகர வேண்டுமானால் தன்னை ஒட்டியிருக்கும் குருதியையும் தள்ளிக்கொண்டுதான் நகர வேண்டும். இதழ் மெல்லியது என்பதால், அப்படித் தள்ளப்படும் குருதியின் மொத்த நிறை இதழின் நிறையைவிடப் பல மடங்கு. அந்த நிறையைக் கணக்கில் கொள்ளாததால் இதழ் நகர வேண்டியதைவிடப் பல மடங்கு நகர்ந்துவிடுகிறது. அதற்கு எதிராக எழும் அழுத்தம் அடுத்த காலப்படியில், அதாவது கணினி அடுத்துக் கணக்கிடும் சிறு காலத் துண்டில், அதை இன்னும் பெரிதாக மறுபுறம் வீசுகிறது. சில படிகளுக்குள் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, கணக்கு நொறுங்கிப் போகும். காலப்படியைச் சிறிதாக்கினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இங்கே அந்த மருந்து பலிப்பதில்லை. காற்றில் அதிரும் எஃகுப் பாலத்தில் இந்தத் தொல்லை எழாததற்குக் காரணம், எஃகோடு ஒப்பிட்டால் காற்று மிக இலேசானது என்பதே.

1972-இல் கணிதவியலாளர் சார்ல்ஸ் பெஸ்கின் தந்த வழி இந்த முடிச்சை வேறொரு பக்கத்திலிருந்து அவிழ்த்தது. அவர் இதழைக் குருதியின் எல்லையாகக் கொள்ளவில்லை. இதழ் இருக்கும் இடமும் சேர்த்து எங்கும் பாய்மமே (ஓடும் பொருள், இங்கே குருதி) நிறைந்திருப்பதாகக் கொண்டு, அதன் மேல் அசையாத சதுரக் கட்டங்களை விரித்தார். இதழ் என்பது அந்தப் பாய்மத்தில் மிதக்கும் புள்ளிகளின் கோவை. அது வளையும்போதும் இழுபடும்போதும் எழும் மீள்விசை அருகிலுள்ள கட்டங்களுக்குப் பகிரப்படுகிறது. அந்த விசையோடு பாய்மத்தின் வேகம் கணக்கிடப்படுகிறது. அதே வேகத்தில் புள்ளிகள் நகர்கின்றன. இதழ்கள் ஒன்றையொன்று தொட்டு மூடும்போதும் கட்டங்கள் கசங்குவதில்லை. இதழ் விறைப்பாக இருந்தால் காலப்படியை மிகச் சிறிதாக்க வேண்டும், இதழின் விளிம்பு இரண்டு மூன்று கட்டங்களுக்கு மங்கித் தெரியும் என்ற குறைகள் உண்டு. இருந்தும், இதழையும் குருதியையும் ஒரே இயக்கமாகப் பார்த்த அந்தப் பார்வையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிவப்பணுவுக்கும் இதே வழி பொருந்துகிறது. ஏறத்தாழ 8 மைக்ரான் விட்டமுள்ள அது, தன்னைவிடக் குறுகிய தந்துகிகளிலும் உடலை மடக்கிக்கொண்டு நுழைந்துவிடுகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. குழாயில் ஓடும் நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொண்டே இருந்தாலும், கோடிக்கணக்கான மோதல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் உங்களுக்குச் சீரான அழுத்தமே தெரிகிறது. சில நானோமீட்டர் தடிமனுள்ள செல் சவ்விலோ, ஒரு புரத மூலக்கூறிலோ அந்த ஈடு முழுமையாக நிகழ்வதில்லை. ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக மோதினாலே அது அசைந்துவிடும். ஆகவே நீர், சவ்வு என்ற இரண்டோடு வெப்பத்தையும் மூன்றாவதாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2007-இல் பால் அட்ஸ்பெர்கர், பீட்டர் கிரேமர், பெஸ்கின் ஆகிய மூவரும் பாய்மத்தின் சமன்பாட்டிலேயே தற்போக்கான விசைகளைச் சேர்த்து இதைச் செய்தார்கள். அந்த விசையின் அளவு நம் விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல. பாகுநிலை (பாய்மத்தின் உள் உராய்வு) எவ்வளவு ஆற்றலை உறிஞ்சுகிறதோ, சராசரியாக அவ்வளவையே வெப்பம் திருப்பித் தர வேண்டும். கூடினால் கணினிக்குள் இருக்கும் நீர் தானாகச் சூடேறும். குறைந்தால் குளிர்ந்து உறைந்துபோன உலகமாகிவிடும்.

இதைச் சரிபார்க்க, கணினி நிரல் கணக்கிடும் நீருக்குள் ஒரு சிறு மணியை விட்டு அதன் அலைச்சலை அளப்பதே நான் முதலில் செய்வது. இத்தகைய அலைச்சலுக்கு 1905-இல் ஐன்ஸ்டைன் தந்த சூத்திரத்தோடு அது பொருந்தாவிட்டால், அந்த நிரல் வரைந்து காட்டும் சவ்வுப் படங்களை நான் பார்ப்பதே இல்லை. நீங்கள் இதைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். அறை வெப்பநிலையில் உள்ள நீரில், 1 மைக்ரான் விட்டமுள்ள மணி ஒரு நொடியில் ஒரு திசையில் சராசரியாகத் தன் விட்டத்தளவு தூரம் விலகியிருக்கும். 10 நானோமீட்டர் விட்டமுள்ள மணி தன் விட்டத்தளவு விலகுவதற்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடி போதும்.

அன்புடன்,
ஆசிரியர்