அரிசிக்கும் தேங்காய்க்கும் சிவப்புக் குறியா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். ஒன்பது வயது மகளுக்கு அடிக்கடி வயிறு உப்பிக்கொள்வதால், கோவையில் ஓர் ஆய்வகத்தில் எட்டாயிரம் ரூபாய் கட்டி ‘ஃபுட் சென்சிட்டிவிட்டி’ ரத்தப் பரிசோதனை செய்தோம். அரிசி, தேங்காய், பால், முட்டை ஆகியவற்றுக்குச் சிவப்புக் குறியிட்டு, ஆறு மாதம் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அறிக்கையில் ‘ஐ.ஜி.ஜி.’ (IgG) அல்லது ‘ஐ.ஜி.ஜி.4’ (IgG4) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை மட்டும் நம்பி எதையும் நிறுத்த வேண்டாம். இவை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) வகைகள், அதாவது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு உருவாக்கும் புரதங்கள். வழக்கமாக உண்ணும் பொருள்களுக்கு இந்த வகை எதிர்ப்பொருள் ரத்தத்தில் உருவாவது இயல்பு. உடல் அந்த உணவுக்குப் பழகியிருப்பதையே அது பெரும்பாலும் காட்டுகிறது. அன்றாடம் சோறும் தேங்காய் அரைத்த குழம்பும் உண்ணும் வீட்டில் இவ்விரண்டுக்கும் சிவப்பு விழாவிட்டால்தான் வியப்பு. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இச்சோதனை உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமையியல் கழகம் 2008-இலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் விற்பனை ஓயவில்லை.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது வேறு, அதற்கு ‘ஐ.ஜி.இ.’ (IgE) என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் சோதனை உண்டு, அதன் முடிவையும் மருத்துவர் நோய்க்குறிகளோடு சேர்த்தே படிப்பார். பாலால் உப்புசம் வருவது பெரும்பாலும் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால். அதை எந்த எதிர்ப்பொருள் சோதனையும் காட்டாது. கோதுமையால் வரும் சீலியாக் என்ற குடல் நோய்க்கு நம்பகமான எதிர்ப்பொருள் சோதனை இருக்கிறது. ஆனால் அதைச் செய்யும் முன் கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு தவறிவிடும். வளரும் பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் சேர்த்து நிறுத்துவது நல்லதல்ல. இரண்டு வாரம் சாப்பிட்டதையும் உப்புசம் வந்த நேரத்தையும் எழுதிவைத்து, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சொன்ன சோதனையைச் செய்து கொடுத்ததாக ஆய்வகம் வாதிடும். ‘ஒவ்வாமையைத் துல்லியமாகக் கண்டறியும்’ என்பது போன்ற விளம்பரத்தை நம்பிக் கட்டியிருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும். அந்த விளம்பரத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் எழுத்து மூலம் பணத்தைக் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்பதால், கோவைக்கு அலையாமல் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுங்கள். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை.