அழியாத நீல மை: எதை வாங்கலாம்?

பத்திரங்களில் கையெழுத்திட, ஊற்றுப் பேனாவுக்கு அழியாத நீல மை கேட்கிறீர்கள். புட்டியில் ‘பெர்மனன்ட்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ‘ராயல் புளூ’ வகை மைகள் வேண்டவே வேண்டாம்; ஒரு சொட்டு நீர் பட்டாலே எழுத்து கலங்கிவிடும்.

என் தேர்வு, ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனத்தின் பிக்மென்ட் நீலம். சாதாரண மையில் சாயம் நீரில் கரைந்திருக்கும். இதிலோ மிக நுண்ணிய நிறமித் துகள்கள் மிதக்கின்றன. ஈரம் உலர்ந்ததும் அவை காகித இழைகளைப் பற்றிக்கொள்ளும், பிறகு நனைந்தாலும் அசையா. தொல்லையும் அதே குணத்தால்தான்: பேனாவுக்குள் காய்ந்தால் நிப்புக்கு அடியிலுள்ள கட்டையை அடைத்துவிடும். தினமும் எழுதாதவர் இதை நிரப்பி வைக்கவே கூடாது.

மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய வகை மையும் உறுதியானதுதான். ஆனால் காற்றுப்பட்டுக் கருத்துவிடும், நீலம் நிலைக்காது.

வாங்கியதும் உங்கள் காகிதத்திலேயே எழுதி, ஒரு நாள் உலரவிட்டு, குழாய் நீரில் காட்டிப் பாருங்கள்.