பார்க்கின்சன் நோய்க்கு யோகா மாற்று மருந்தா?

கேள்வி: என் கணவருக்கு வயது 63. பார்க்கின்சன் நோய்க்காக நான்கு ஆண்டுகளாக லெவோடோபா மாத்திரை சாப்பிட்டு வருகிறார். யோகா பழகினால் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா? எந்த ஆசனங்களைச் செய்யலாம்?

பதில்: யோகாவைத் தாராளமாகத் தொடங்கலாம், சகோதரி, மாத்திரையை நிறுத்தும் பேச்சை மட்டும் காதில் வாங்காதீர்கள். நடுமூளையில் அசைவுக்கான செய்தியைக் கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே வருவதால்தான் இந்நோயில் அசைவு மந்தமாகிறது, தசை விறைக்கிறது, கை நடுங்குகிறது; அழிந்த அணுக்களை எந்த ஆசனமும் மீட்டுத் தருவதில்லை. குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டும் லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால், கடும் காய்ச்சலும் விறைப்பும் கண்டு உயிருக்கே ஆபத்தாகக்கூடும்.

2019-இல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வெளிவந்த ஹாங்காங் ஆய்வில், நோய் அதிகம் முற்றாத 138 பேரில் ஒரு பிரிவினர் எட்டு வாரங்கள் மனக்குவிப்புடன் கூடிய யோகாவும், மற்றவர்கள் தசைகளை நீட்டி வலுவூட்டும் பயிற்சிகளும் செய்தனர். உடல் அசைவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம் கண்டனர். பதற்றமும் மனச்சோர்வும் தணிந்ததில் யோகா செய்தவர்களே முந்தினர். நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாருக்கு நோயாளியின் மனச்சோர்வு எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதால், இப்பயனைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன்.

அதிகாலையில், வெறும் வயிற்றில் என்ற பொது விதி இவருக்குப் பொருந்தாது. மாத்திரை வேலை செய்து உடல் இளகியிருக்கும் நேரமே பயிற்சிக்கு உகந்தது. நோயும் மருந்தும் சேர்ந்து, எழும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடக்கூடும் என்பதால், தலைகீழ் ஆசனங்களும் குனிந்து வேகமாக நிமிர்வதும் வேண்டாம். நேராக நிமிர்ந்து நிற்கும் தாடாசனத்தைச் சுவரை ஒட்டி நின்று செய்யட்டும். குரல் தணிந்திருந்தால், ஒலியெழுப்பி மூச்சு விடும் பிராமரி நல்லது.

நாற்காலியிலிருந்து எழுவதையே ஓர் ஆசனமாகப் பழக்கலாம். சுவரோடு சேர்த்துப் போட்ட, சக்கரமில்லாத நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்சாய்ந்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். நீங்கள் அவர் கையைப் பிடித்து இழுக்காமல், அருகில் நின்றுகொண்டால் போதும்.